யாரை நம்பி எறிவது? க்வார்ட்டர்பேக்கின் மனமும் ரிசீவரின் வகையும்

2021 ஏப்ரலில், என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில், ஐந்தாவது ஆளை எடுக்கும் முறை சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு வந்தது. முந்தைய ஆண்டு முதல் ஆளாக அவர்கள் எடுத்த க்வார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, பத்து ஆட்டங்களுக்குள் 32 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டு, முழங்கால் தசைநார் கிழிந்து, மீதி சீசனை இழந்திருந்தார். அவரைக் காக்க நல்ல தடுப்பாளர் வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். பெனே சூவெல் என்ற அபாரமான தடுப்பாளர் அப்போது யாரும் எடுக்காமல் மிச்சமிருந்தார். பெங்கால்ஸ் அவரை விட்டுவிட்டு ஜமார் சேஸை எடுத்தார்கள். சேஸ் ஒரு வைட் ரிசீவர். 2019இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் இதே பர்ரோ எறிந்த பந்துகளைப் பிடித்து 1,780 கெஜமும் 20 டச்டவுனும் எடுத்தவர். அந்த அணி அந்த ஆண்டு ஆடிய 15 ஆட்டங்களிலும் வென்றது.

எறிபவருக்குக் காவல் முக்கியமா, அவர் மனசுக்கு ஒத்த ஆள் முக்கியமா என்ற வாதம் அன்று முழுக்க ஓடியது. அதற்கு அடியில் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு க்வார்ட்டர்பேக்கின் குணத்தைப் பார்த்து, அவருக்கு எந்த வகை ரிசீவர் பொருந்துவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பயிற்சியாளர்கள், அணி நிர்வாகிகள், பழைய ஆட்டக்காரர்கள் என்று பலரும் பல விதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பதில்களை ஆட்டக்களத்தில் நடந்தவற்றோடு ஒட்டிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்க ஃபுட்பாலில் தாக்கும் அணியை நடத்துபவர் க்வார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்ததும் எதிரணியின் நான்கைந்து பேர் அவரை வீழ்த்தப் பாய்வார்கள். எறிய அவருக்குக் கிடைப்பது இரண்டரை நொடி, மிஞ்சினால் மூன்று. அதற்குள் ரிசீவர்கள் முன்பே வகுத்த தடங்களில் ஓடித் திரும்ப வேண்டும். இந்தத் தடத்தை ‘ரூட்’ என்பார்கள். ஒவ்வொரு ரிசீவரையும் ஒட்டி எதிரணியின் கார்னர்பேக் ஒருவர் ஓடுவார். பத்து கெஜம் முன்னேற அணிக்கு நான்கு முயற்சி; பந்தை எதிரணியின் முடிவுக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன். எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொண்டால் அது இன்டர்செப்ஷன்; ஆட்டத்தின் போக்கையே அது புரட்டிவிடும்.

ரிசீவர்களில் பல ரகம். ‘எக்ஸ்’ எனப்படுபவர், பந்து வைக்கப்படும் கோட்டின் மேலேயே, ஓரத்தில் தனியாக நிற்பார். எதிரே நிற்பவர் கையால் தள்ளி மறிப்பதைச் சமாளித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதால் உடல் பலமும் உயரமும் அங்கே உதவும். ‘இசட்’ கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்பவர். பந்து கைமாறும் முன்பே இடம் மாறி நகரலாம். ‘ஸ்லாட்’ உள்பக்கம் நிற்பவர். கூட்டத்துக்கு நடுவே சந்து கண்டுபிடிப்பது அவர் வேலை. நிற்கும் இடத்தைத் தாண்டி, ஆடும் பாணியிலும் பிரிவு உண்டு. சிலர் அடியளவு பிசகாமல் ரூட் ஓடுவார்கள். சிலர் வெறும் வேகத்தால் ஆளைப் பின்னால் விடுவார்கள். சிலர் ஒட்டி நிற்கும் காவலர் தலைக்கு மேல் எம்பிப் பந்தைப் பறிப்பார்கள். இன்னும் சிலர் பந்தைப் பிடித்த பிறகுதான் தங்கள் ஆட்டத்தையே தொடங்குவார்கள்.

‘குணம்’ என்ற சொல்லை இங்கே எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் பெரும்பாலான பேச்சு தடம் மாறுகிறது. பேச்சுக்காரர், அமைதியானவர், கோபக்காரர், கூச்சக்காரர் என்ற அன்றாடப் பொருளில் எடுத்துக்கொண்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. எய்க்மன்–இர்வின் ஜோடியே இதற்குச் சாட்சி. டல்லஸ் கவ்பாய்ஸின் ட்ராய் எய்க்மன் இறுக்கமானவர், கண்டிப்பானவர், அளந்து பேசுபவர். மைக்கேல் இர்வின் ஆட்டம், பாட்டம், வாய்ச்சவடால் எல்லாம் நிறைந்தவர். விருந்து வீட்டில் இருவரும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் 1991இல் பயிற்சியாளர் நார்வ் டர்னர் வந்து தாக்குதலை ஒழுங்குபடுத்தியதும் இர்வின் அந்த ஆண்டு 1,523 கெஜம் எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். 1992, 1993, 1995 சீசன்களின் சூப்பர் பவுல் எனும் லீக் இறுதிப் பட்டங்கள் டல்லஸுக்கே. எய்க்மன் எறிந்தது நேரத்தை நம்பி. ரிசீவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். இர்வின் மின்னல் வேகக்காரர் கிடையாது. ஆனால் எத்தனாவது அடியில் திரும்ப வேண்டுமோ அந்த அடியில் திரும்பி, காவலரை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பார். பயிற்சியில் அவரளவு உழைத்தவர்கள் அந்த அணியில் குறைவு. மேசையில் ஒட்டாத இருவரும் களத்தில் ஒரே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்கள்.

என் வாதம் இதிலிருந்து தொடங்குகிறது. பொருத்தம் பார்க்க வேண்டிய குணம் ஒன்றே ஒன்று: சந்தேகம் வரும்போது ஒருவர் எதை நம்பி எறிகிறார் என்பது. ரிசீவர் தனியாக நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகா? பயிற்சியில் போட்ட நேரக் கணக்கை நம்பியா? காவலர் ஒட்டி நின்றாலும் ‘அவன் பிடித்துவிடுவான்’ என்று ஆளை நம்பியா? அல்லது தன் கையை மட்டுமே நம்பியா? ஒவ்வொரு க்வார்ட்டர்பேக்கிடமும் இந்த நான்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. நெருக்கடியில் எது மேலே வருகிறது என்பதுதான் வேறுபாடு.

இதை முதலில் உலகுக்குக் காட்டியவர்கள் பால்டிமோர் கோல்ட்ஸின் ஜானி யுனைட்டஸும் ரேமண்ட் பெர்ரியும். முன்னோக்கி எறிவது 1906இலேயே அனுமதிக்கப்பட்டுவிட்டது என்றாலும், எறிதலை ஒரு கூட்டுக்கலையாக வளர்த்தது இந்த ஜோடிதான் என்பேன். யுனைட்டஸ் 1955இல் ஒன்பதாவது சுற்றில் எடுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் அணியால் கழற்றிவிடப்பட்டு, சிறு தொகைக்கு உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர். பெர்ரி 1954 டிராஃப்டில் இருபதாவது சுற்று. பார்வைக் குறைவு, வேகமும் சுமார். இருவரும் பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் மைதானத்தில் நின்று எறிந்து பிடித்துக்கொண்டிருப்பார்கள். எதிரணி இப்படி நின்றால் என்ன செய்வது, அப்படி நின்றால் என்ன செய்வது என்று பேசிப் பேசியே ஒரு பொது மனத்தை உருவாக்கிக்கொண்டார்கள்.

1958 டிசம்பர் 28, யாங்கீ ஸ்டேடியம், லீக் இறுதி ஆட்டம். நியூயார்க் ஜயன்ட்ஸ் 17–14 என்று முன்னிலை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம்; கோல்ட்ஸ் கையில் பந்து, தங்கள் 14 கெஜக் கோட்டிலிருந்து தொடங்கியிருந்தார்கள். யுனைட்டஸ் அழைத்தது, பெர்ரி பத்து கெஜம் போய் உள்ளே திரும்பும் ஒரு சாதாரண ரூட். ஆனால் பந்து கைமாறும் முன் ஜயன்ட்ஸின் லைன்பேக்கர் ஹார்லண்ட் ஸ்வேர் தன் இடத்தை விட்டு நடந்து வந்து பெர்ரியின் மூக்குக்கு நேரே நின்றுவிட்டார். அந்த ரூட் இனி ஓடாது. இப்படி ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று இருவரும் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். யுனைட்டஸ் பெர்ரியைப் பார்த்தார். பெர்ரி யுனைட்டஸைப் பார்த்தார். பெர்ரி வெளிப்பக்கம் போவதுபோல் ஒரு தோள் அசைப்பு காட்டிவிட்டு உள்ளே பாய்ந்தார். பந்து அங்கே வந்தது. 25 கெஜம். அடுத்து 15, அதற்கடுத்து 22, எல்லாம் பெர்ரிக்கே. மூன்று எறிதலில் 62 கெஜம் கடந்து, ஏழு நொடி மிச்சமிருக்கையில் உதைத்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 23–17 என்று வென்றார்கள். பெர்ரி அன்று பிடித்தது 12 பந்து, 178 கெஜம்.

யுனைட்டஸின் துணிச்சல் புகழ்பெற்றது. ஆனால் அவருடைய துணிச்சலுக்குப் பொருந்தியவர் இன்னொரு துணிச்சல்காரர் அல்லர், கணக்குப்பிள்ளை போன்ற ஒரு நிதானக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். பேசி வைத்ததை மறக்காத ஒருவர் எதிரே இருந்ததால்தான் அந்தத் துணிச்சல் கண்மூடித்தனமாகாமல் தப்பியது.

குணப்பொருத்தம் என்பதே தேவையில்லை, திட்டம் சரியாக இருந்தால் போதும் என்று வாதிடும் ஒரு வலுவான தரப்பு உண்டு. அதற்கு மூலவர் பயிற்சியாளர் பில் வால்ஷ். அவருடைய புகழ்பெற்ற குறுந்தூர எறிதல் முறை பிறந்ததே ஒரு விபத்தில். 1969இல் சின்சினாட்டியில் கிரெக் குக் என்ற நெடுந்தூர எறிதலில் வல்ல இளைஞர் தோளில் காயம்பட, மாற்றாக வந்த வர்ஜில் கார்ட்டருக்குக் கையில் அவ்வளவு வலு இல்லை, குறிமட்டும் தப்பாது. அவருக்காகக் கிடைமட்டமாகப் பரப்பி, சிறுசிறு தூரம் எறியும் ஆட்டத்தை வால்ஷ் வடிவமைத்தார். 1971இல் எறிந்த பந்துகளில் பிடிபட்டவற்றின் சதவீதத்தில் கார்ட்டர் லீகிலேயே முதல்வர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஜோ மொன்டானாவும் 1985 முதல் ஜெர்ரி ரைஸும் அதே முறையை உச்சிக்குக் கொண்டுபோனார்கள். மொன்டானாவுக்குப் பின் வந்த ஸ்டீவ் யங் முற்றிலும் வேறு ஆள்: காலால் ஓடித் தப்பிப்பவர், இடது கைக்காரர்; அவர் எறியும் பந்து எதிர்த் திசையில் சுழன்று வரும். ரைஸ் அதற்கும் கையைப் பழக்கிக்கொண்டார். யங்–ரைஸ் ஜோடி 85 டச்டவுன் எடுத்து அன்றைய சாதனையைப் படைத்தது. திட்டமே பெரிது என்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். எனக்குப் படுவது வேறு. கார்ட்டரின் இயல்பைப் பார்த்துத்தானே வால்ஷ் அந்தத் திட்டத்தையே செய்தார்? எறிபவரின் மனத்திலிருந்து தொடங்கி ரிசீவரின் காலடிவரை அவர் போட்ட பாதையும் ஒரு பொருத்தம் பார்ப்புதான்.

எறிதல் இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு விதி மாற்றமும் காரணம். 1978 முதல், கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவர்மேல் கைவைத்து மறிப்பது தடைசெய்யப்பட்டது. அதன்பின் ஒல்லியான, நுட்பமான ரூட்காரர்களுக்கு வாழ்வு வந்தது. க்வார்ட்டர்பேக்குக்குத் தேர்ந்தெடுக்கப் பல ரகம் கிடைத்தது.

நேரக் கணக்கை நம்புபவர்களின் உச்சம் பெய்டன் மேனிங். இண்டியானாபொலிஸில் அவருக்கு வாய்த்த மார்வின் ஹாரிசன், பத்திரிகையாளர்களிடம் வாய் திறக்காதவர். கோட்டில் நின்று கையாட்டிக் கத்தி ஆட்டத்தையே மாற்றி எழுதும் மேனிங்குக்கு இந்த மௌனி பொருத்தமாக இருந்தார். ஹாரிசன் பெரும்பாலும் வலப்பக்கமே நிற்பார், இடப்பக்கம் ரெஜி வெய்ன். அதே ஆள், அதே பக்கம், அதே அடிக்கணக்கு. மாறாதவை இத்தனை இருந்ததால் மேனிங்கின் மூளை முழுக்க எதிரணியைப் படிப்பதிலேயே ஈடுபட முடிந்தது. 953 பிடிப்பு, 12,766 கெஜம், 112 டச்டவுன். ஒரு க்வார்ட்டர்பேக்கும் ஒரு ரிசீவரும் சேர்ந்து எடுத்தவற்றில் இந்த டச்டவுன் எண்ணிக்கையை யாரும் எட்டவில்லை.

டாம் பிரேடியின் கதை இன்னும் நுணுக்கமானது. நியூ இங்கிலாந்தின் முறையில் பல ரூட்கள் முடிவாகாதவை: காவலர் உள்ளே நின்றால் வெளியே, வெளியே நின்றால் உள்ளே, பின்வாங்கினால் நின்றுவிடு. ரிசீவரும் க்வார்ட்டர்பேக்கும் ஓட்டத்தின் நடுவில் ஒரே காட்சியைக் கண்டு ஒரே முடிவுக்கு வர வேண்டும். கிரிக்கெட்டில் ‘யெஸ்’, ‘நோ’ என்று குரல் கொடுக்காமல், ஒருவர் ஓட்டத்தைப் பார்த்தே மற்றவர் ஓடி ஒற்றை ரன் திருடும் ஜோடிகளை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு ஒப்பான வேலை இது. டிராஃப்டில் யாருமே எடுக்காத வெஸ் வெல்கர் 2007 முதல் ஆறு சீசனில் இங்கே 672 பந்து பிடித்தார். கல்லூரியில் க்வார்ட்டர்பேக்காக இருந்து ஏழாவது சுற்றில் வந்த ஜூலியன் எடல்மன் அவருக்குப் பின் அந்த இடத்தை நிரப்பினார். ஒரு க்வார்ட்டர்பேக்கின் கண்ணோடு களத்தைப் பார்க்கத் தெரிந்த ரிசீவர் என்பது தற்செயல் இல்லை. மாறாக, சின்சினாட்டியில் ஏழு முறை ஆயிரம் கெஜம் தாண்டிய சாட் ஜான்சன் 2011இல் இதே அணிக்கு வந்து, சீசன் முழுக்கப் பிடித்தது 15 பந்து. திறமை குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவருடைய ஆட்டம் தன் கால் அசைவில் காவலரை ஏமாற்றும் சொந்தக் கற்பனை. பிரேடிக்கு வேண்டியது தன் மனத்தைப் படிக்கும் ஆள்.

இதே பிரேடிதான் 2007இல் ராண்டி மாஸோடு சேர்ந்து 23 டச்டவுன் எறிந்தார். மாஸ் உயரம், வேகம், எம்பல் மூன்றும் சேர்ந்த ஆள். முந்தைய ஆண்டு ஓக்லண்டில் 553 கெஜத்தோடு மங்கிக் கிடந்தவர். நான்காவது சுற்றுத் தேர்வு ஒன்றைக் கொடுத்து வாங்கினார்கள். அப்படியானால் என் வாதம் இங்கே உடைகிறதா? உடையவில்லை என்றே நினைக்கிறேன். மாஸ் களத்தைப் படிப்பதில் மகா கூர்மையானவர் என்பதை அவருடைய வேகத்தின் பளபளப்பு பலரிடமிருந்து மறைத்துவிட்டது. எதிரணி எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் உதவிக்கு ஆள் வரும் என்பதை அவரும் பிரேடியும் ஒரே மாதிரி கண்டார்கள்.

பிரெட் ஃபாவரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அவர் நம்பியது தன் கையை. 508 டச்டவுனும், இன்றும் சாதனையாக நிற்கும் 336 இன்டர்செப்ஷனும் அந்த நம்பிக்கையின் இரு பக்கங்கள். அவருக்கு வேண்டியிருந்தது பந்து எங்கே வந்தாலும் தாவி எடுக்கும் ஆள்கள்.

கிரீன் பேயில் அவருக்குப் பின் வந்த ஆரன் ராஜர்ஸ் மனத்தில் நேர் எதிர். 2018இல் தொடர்ந்து 402 எறிதல்கள் ஒரு இன்டர்செப்ஷனும் இல்லாமல் எறிந்தவர் அவர். தவறு செய்ய மனம் ஒப்பாதவர். விந்தை என்னவென்றால், அவருடைய தனி முத்திரையான எறிதல் பார்ப்பதற்கு ஆபத்தின் உச்சம்போல் தெரியும். ரிசீவர் ஓரக்கோட்டை ஒட்டி முழுவேகத்தில் ஓடுகிறார். காவலர் தோளோடு தோள் ஒட்டி ஓடுகிறார். ராஜர்ஸ் வேண்டுமென்றே பந்தை ரிசீவரின் பின்தோள் பக்கம், ஓரக்கோட்டை நோக்கிக் குறைவாக எறிவார். ரிசீவர் அதே கணத்தில் வேகத்தை அறுத்துத் திரும்பினால் பந்து அவர் மார்புக்கு வரும். காவலர் முதுகைக் காட்டியபடி தாண்டி ஓடியிருப்பார். ரிசீவர் அரைநொடி தாமதித்தால் பந்து வெறும் புல்லில் விழும், அல்லது காவலர் கைக்குப் போகும். யாரும் சைகை செய்வதில்லை. ஜோர்டி நெல்சன், டவான்டே ஆடம்ஸ் இருவரோடும் பல ஆண்டு பயிற்சியில் இது கைகூடியது. 2020இல் ராஜர்ஸ் எறிந்த 48 டச்டவுனில் 18 ஆடம்ஸுக்கு. இன்டர்செப்ஷன் வெறும் ஐந்து.

2022இல் ஆடம்ஸ் போய்விட்டார். இரண்டாவது சுற்றில் எடுத்த கிறிஸ்டியன் வாட்சன் உள்ளிட்ட இளைஞர்கள் வந்தார்கள். பயிற்சி முகாமிலேயே அவர்கள் தப்பான ரூட் ஓடுவதையும் பந்து நழுவவிடுவதையும் ராஜர்ஸ் வெளிப்படையாகக் குறைசொன்னார். மினசோட்டாவில் சீசனின் முதல் ஆட்டம், கிரீன் பேயின் முதல் முயற்சி: வாட்சன் காவலரை முழுதாகப் பின்னால் விட்டு ஓட, பந்து சரியாகக் கைக்கு வர, நழுவவிட்டார். 75 கெஜ டச்டவுனாகியிருக்கும். அந்த ஆண்டு அணிக்கு எட்டு வெற்றி, ஒன்பது தோல்வி. 2010க்குப் பின் முதன்முறையாக ராஜர்ஸின் இன்டர்செப்ஷன் பத்தைத் தாண்டியது. அக்டோபரிலிருந்து அவர் கட்டைவிரல் முறிந்த நிலையில் ஆடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நவம்பரில் வாட்சன் டல்லஸுக்கு எதிராக மூன்று டச்டவுன் எடுத்தார் என்பதையும். ஆளை நம்பி எறிபவருக்கு வெறும் வேகம் போதாது, நம்பிக்கை சேர மாதங்கள் ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சீசன் எனக்குத் தெரியவில்லை. அணி நிர்வாகம் அனுபவமுள்ள ரூட்காரர் ஒருவரையாவது வாங்கித் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வியை ஓரளவு சோதனைபோல் நடத்திப் பார்த்த ஒரு பரிமாற்றமும் உண்டு. 2021இல் டெட்ராய்ட் லயன்ஸின் மாத்யூ ஸ்டாஃபர்டும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ஜாரெட் காஃபும் இடம் மாறினார்கள். டெட்ராய்டில் ஸ்டாஃபர்டுக்கு இருந்தவர் கால்வின் ஜான்சன், ஆறடி ஐந்தங்குலம். 2011 அக்டோபரில் டல்லஸுக்கு எதிராக மூன்று காவலர்கள் சூழ்ந்திருக்க ஸ்டாஃபர்ட் உயரத் தூக்கி எறிய, ஜான்சன் எல்லோர் தலைக்கும் மேல் எம்பிப் பிடித்த டச்டவுனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு ஜான்சன் எடுத்த 1,964 கெஜம் இன்றும் சாதனை. அந்த நாள்களில் ஸ்டாஃபர்டைப் பற்றி எல்லோரும் சொன்னது, அவருக்கு வேண்டியது ஒரு ராட்சதன் என்பதே.

லாஸ் ஏஞ்சலஸில் அவருக்குக் கிடைத்தவர் கூப்பர் கப். சிறிய கல்லூரி, மூன்றாவது சுற்று, உயரமும் வேகமும் மிதம். ஆனால் எதிரணியின் ஒவ்வொருவர் கடமையையும் க்வார்ட்டர்பேக் அளவுக்கு அறிந்து வைத்திருப்பவர். இருவரும் காலை உணவு நேரத்தில் உட்கார்ந்து ஆட்டப் படங்களை அலசும் வழக்கம் வைத்துக்கொண்டார்கள். முதல் சீசனிலேயே கப் 145 பிடிப்பு, 1,947 கெஜம், 16 டச்டவுன். மூன்றிலும் லீகில் முதலிடம். 2022 பிப்ரவரி சூப்பர் பவுலில், பெங்கால்ஸுக்கு எதிராக, மற்ற இரு முக்கிய ரிசீவர்களும் காயத்தால் இல்லாத நிலையில், கடைசி 79 கெஜத்தைக் கடக்க ஸ்டாஃபர்ட் திரும்பத் திரும்பப் போனது கப்பிடம்தான். அதில் ஒரு பந்தை, கண்ணை வேறு பக்கம் வைத்துக் காவலரை நகரச்செய்துவிட்டு, பார்க்காமலே கப் வரும் இடத்துக்கு எறிந்தார், 22 கெஜம். 23–20 என்று வென்றார்கள்.

ஒரே மனிதர், இரு துருவ ரிசீவர்கள், இருவரோடும் உச்சம். ஸ்டாஃபர்டின் நம்பிக்கை ஆள்மேல். எம்பிப் பிடிப்பான் என்று ஒருவரை நம்பினார். சரியான இடத்துக்கு வந்துவிடுவான் என்று மற்றவரை நம்பினார். உருவத்தைப் பார்த்துப் பொருத்தம் சொன்னவர்கள் ஏமாந்தது இதனால்தான்.

மறுபக்கம் காஃப் வேறு வார்ப்பு. திட்டம் தெளிவாக, காலடி நிலையாக இருந்தால் அற்புதமாக எறிவார். சுற்றி ஆள் நெருக்கினால் தடுமாறுவார். டெட்ராய்ட் இதைப் புரிந்துகொண்டு கட்டியது. 2021 டிராஃப்டில் ஏழாவது ஆளாக அவர்கள் எடுத்தது பெங்கால்ஸ் விட்டுவிட்ட அதே சூவெலை. அதே டிராஃப்டில் 112ஆவது ஆளாக அமோன்-ரா செயின்ட் பிரவுன்: உள்பக்கம் நின்று, சொன்ன ஆழத்தில் சொன்ன நேரத்தில் திரும்பும் ஸ்லாட் ரிசீவர். 2023இல் செயின்ட் பிரவுன் 119 பிடிப்பு, 1,515 கெஜம். லயன்ஸ் கான்ஃபரன்ஸ் இறுதிவரை போனது. லாஸ் ஏஞ்சலஸ் கைகழுவிய ஒருவர், தன் மனத்துக்கேற்ற அடைப்புக்குள் மீண்டெழுந்தார்.

சின்சினாட்டியின் கணக்கும் பொய்க்கவில்லை. பர்ரோ ரிசீவர் தனியாவதற்குக் காத்திருக்காதவர். சேஸ் ஒருவரோடு ஒருவராக நின்றாலே அது தனக்குச் சாதகம் என்று எண்ணுபவர். 2022 ஜனவரி 2 அன்று கேன்சஸ் சிட்டிக்கு எதிராக சேஸ் 266 கெஜம் எடுத்தார். ஆட்டம் சமனில் இருக்க, மூன்றாவது முயற்சியில் 27 கெஜம் தேவைப்பட்ட நேரத்தில் பர்ரோ அவருக்கே தூக்கி எறிந்தார், 30 கெஜம். ஆனால் அதே சீசனில் பர்ரோ 51 முறை வீழ்த்தப்பட்டார். சூப்பர் பவுலில் மேலும் ஏழு முறை. விமர்சகர்கள் கேட்டதும் நியாயமே.

எதிரெதிர் குணங்கள் ஒன்றையொன்று நிரப்புவதற்கு ஜாஷ் ஆலன்–ஸ்டெஃபான் டிக்ஸ் நல்ல சான்று. 2019இல் ஆலன் எறிந்ததில் பிடிபட்டது 58.8 சதவீதம். கட்டுக்கடங்காத கை. 2020இல் துல்லியமான ரூட்காரரான டிக்ஸ் பஃபலோவுக்கு வந்தார். காவலரிடமிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்கும் ஒருவர் கண்ணில் பட்டதும் ஆலனின் சதவீதம் 69.2 ஆனது, டிக்ஸ் 127 பிடிப்போடு லீகில் முதலிடம். பயிற்சியாளர்களின் பங்கு இதில் நிறைய உண்டு. ஆனாலும் பரபரக்கும் மனத்துக்கு நிதானமான இலக்கு எப்படி மருந்தாகிறது என்பதை இதில் காணலாம். பின் அந்த உறவில் கசப்பு சேர்ந்து 2024இல் டிக்ஸ் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். அந்த ஆண்டு பஃபலோவில் ஒரு ரிசீவர்கூட ஆயிரம் கெஜம் எட்டவில்லை. ஆலன் ஆறே இன்டர்செப்ஷனோடு லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். டிக்ஸ் கற்றுக்கொடுத்த பொறுமை அவரிடம் தங்கிவிட்டது என்று நான் வாசிக்கிறேன்.

டைரீக் ஹில்லின் வேகம், கட்டு குலைந்த பிறகு ஓடியபடி எறியும் பேட்ரிக் மஹோம்ஸுக்கும் பொருந்தியது, பந்தைச் சட்டென்று நேரக் கணக்கில் விடும் டுவா டாகோவைலோவாவுக்கும் பொருந்தியது. மயாமியில் 2022இல் 1,710 கெஜம், 2023இல் 1,799. ஹில் கேன்சஸ் சிட்டியை விட்டு மயாமிக்குப் போன ஆண்டிலேயே மஹோம்ஸ் 5,250 கெஜம் எறிந்து சூப்பர் பவுலும் வென்றார். ஹில்லைப் போன்ற வேகம் எந்த மனத்துக்கும் இடம் உண்டாக்கித் தரும். மஹோம்ஸைப் போன்ற மனம் எந்த ரிசீவருக்கும் நேரம் உண்டாக்கித் தரும். பொருத்தம் பார்க்கும் அவசியம் இந்த இருவரைப் போன்றவர்களுக்குக் குறைவு. நடுத்தரத் திறமைக்காரர்களுக்குத்தான் அது வாழ்வா சாவா.

நட்பு போதும் என்பது இன்னொரு தரப்பு. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியில் டெரிக் காரோடு ஆடிய ஆடம்ஸ், 2022இல் பழைய நண்பரோடு சேரவே லாஸ் வேகஸுக்குப் போனார். அவர் 1,516 கெஜமும் 14 டச்டவுனும் எடுத்தார். ஆனால் அணிக்கு ஆறு வெற்றி, பதினொரு தோல்வி. கடைசி இரு ஆட்டங்களுக்குக் காரை உட்கார வைத்து, பின் விடுவித்தேவிட்டார்கள். இதற்கு மறுமுனையில் பிலடெல்ஃபியாவின் டோனவன் மெக்னாபும் டெரல் ஓவன்ஸும். 2004இல் 14 ஆட்டத்தில் 1,200 கெஜம், 14 டச்டவுன். களத்தில் குறையே இல்லை. அடுத்த ஆண்டு ஏழு ஆட்டத்துக்குள் பகை முற்றி ஓவன்ஸ் வெளியேற்றப்பட்டார். அன்றாட குணம் ஒரு ஜோடியை உருவாக்காது. உடைக்க மட்டும் அதனால் முடியும்.

இதையெல்லாம் முன்கூட்டி அளக்க லீக் முயன்றது. 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வு பல பத்தாண்டு நடந்து 2022இல் கைவிடப்பட்டது. 2023இல் க்வார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் வேறொரு மனத்திறன் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தார் என்று செய்தி கசிந்தது. அந்த சீசனில் அவர் 4,108 கெஜம், 23 டச்டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன். தாளில் கேட்கும் கேள்வியால் அந்த இரண்டரை நொடி மனத்தைத் தொட முடியாது. மூன்றாவது முயற்சி, ஏழு கெஜம் தேவை, முதல் ரிசீவர் அடைபட்டிருக்கிறார் என்ற தருணங்களை மட்டும் தொகுத்து, அடுத்து யாரிடம் அவர் கண் போகிறது என்று பார்ப்பதே நான் நம்பும் வழி.

இதுவரை க்வார்ட்டர்பேக்கின் பக்கமிருந்தே பேசிவிட்டேன். ரிசீவரும் மாறக்கூடியவர் என்பதற்கு அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் இருக்கிறார். கர்ட் வார்னரோடு 2008 சீசனின் பிளே-ஆஃப் ஆட்டங்களில் 546 கெஜமும் ஏழு டச்டவுனும் எடுத்து, எம்பிப் பிடிப்பதில் நிகரில்லாதவர் என்று பெயர் வாங்கினார். வார்னர் ஓய்வுபெற்ற பின், 2012இல் நான்கு க்வார்ட்டர்பேக்குகள் மாறி மாறி எறிந்த சீசனில் 798 கெஜத்தில் நின்றுபோனார். பின் புரூஸ் ஏரியன்ஸ் பயிற்சியாளராகவும் கார்சன் பாமர் க்வார்ட்டர்பேக்காகவும் வந்தார்கள். ஏரியன்ஸ் அவரை ஓரத்திலிருந்து உள்பக்க ஸ்லாட்டுக்கு நகர்த்தினார். ஒரு நட்சத்திரத்துக்கு அது பதவி இறக்கம்போல் தோன்றக்கூடிய மாற்றம். ஆளைத் தடுத்து மறிக்கும் முரட்டு வேலையும் அதோடு சேர்ந்து வந்தது. அவர் ஏற்றுக்கொண்டார். 32 வயதில் 109 பிடிப்பு, அடுத்த ஆண்டு 107, அதற்கடுத்து மீண்டும் 109. அணிகள் க்வார்ட்டர்பேக்கிடம் கேட்கும் அதே அக்கறையோடு ரிசீவரிடமும் கேட்க வேண்டியது இது: உனக்குப் பந்து எறியப்போகிறவர் எதை நம்புபவர் என்று தெரிந்தால், நீ எந்த இடத்துக்கு மாறிக்கொள்ளத் தயார்?